லீட்ஸ் குளிருக்குப் பிள்ளைகளின் உடுப்பு: பினாங்கில் எதை வாங்குவது, எதை விட்டுவைப்பது

பினாங்கின் குளுகோரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் முனைவர் பட்டப் படிப்புக்காக இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குப் போகிறார், மூன்றரை ஆண்டு. ஜனவரி நடுவில் குடும்பத்தோடு பயணம். மகனுக்கு ஏழு வயது, உயரம் 122 சென்டிமீட்டர். மகளுக்கு நான்கு வயது. பிள்ளைகளின் உடுப்புக்கென்று ஒதுக்கியிருப்பது 1,200 வெள்ளி (ரிங்கிட்). பண்டல் கடையில், அதாவது மூட்டையாக வரும் பழைய துணிகளை விற்கும் கடையில், குளிர் ஜாக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே, நம்பி வாங்கலாமா? இறகு அடைத்த டௌன் ஜாக்கெட்தான் நல்லதா? மகன் போட்டது பிறகு மகளுக்கு ஆகுமா? இவைதான் அவருடைய கேள்விகள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த 1,200 வெள்ளியில் எவ்வளவை இங்கே செலவழிப்பது, எவ்வளவைப் பவுண்டாக மாற்றிக் கையில் வைத்துக்கொள்வது என்பதைத்தான் அவர் கேட்கிறார்.

ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்பது என் பதில். உடம்பை ஒட்டிப் போடும் உள்ளடுக்கையும் அதன்மேல் போடும் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணிச் சட்டையையும் இங்கேயே வாங்கிவிடுங்கள். மழை தாங்கும் மேலங்கி, சப்பாத்து இரண்டையும் அங்கே போய் வாங்குங்கள். விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர்ந்து கடைத்தெருவைக் கண்டுபிடிக்கும் வரைக்கும் ஆளுக்கொரு பண்டல் ஜாக்கெட் போதும். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நமக்குத் தெரிந்த குளிர் கேமரன் மலைக் குளிர். அங்கே இரவில் 15, 16 டிகிரி இருந்தாலே போர்வையைத் தேடுகிறோம். லீட்ஸில் ஜனவரியில் பகல் வெப்பம் பெரும்பாலும் 6, 7 டிகிரி, இரவில் 1, 2 டிகிரி. உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளும் உண்டு. பனி விழும் நாள்கள் சில. தூறல் விழும் நாள்கள் பல. கூடவே காற்று. ஹொக்கைடோவுக்கோ கொரியாவுக்கோ விடுமுறைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து இங்குள்ள பேரங்காடிகளில் விற்கும் தடித்த ஜாக்கெட்டுகள் அந்த உலர்ந்த பனிக்குளிருக்கு ஏற்றவை. தூறலில் இருபது நிமிடம் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைக்கு அது சரிப்படாது. உடுப்பு தானாகச் சூடு தருவதில்லை. அது பிடித்து வைத்திருக்கும் அசையாத காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கிறது. காற்றடித்தால் அந்தச் சூடு பறந்துவிடும்; நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் லீட்ஸுக்குத் தடிமன் இரண்டாவது கேள்விதான். தண்ணீரையும் காற்றையும் தடுக்குமா என்பதே முதல் கேள்வி.

உள்ளடுக்கிலிருந்து தொடங்குவோம். இது தோலை ஒட்டி, சுருக்கமில்லாமல், இறுக்காமல் இருக்க வேண்டும். "அடுத்த வருஷமும் போடட்டும்" என்று பெரிய அளவில் வாங்கினால் இடுப்பிலும் கையிடுக்கிலும் துணி மடிந்து, இடையே குளிர்காற்று போய்வரும், பயனில்லை. உள்ளடுக்கை மட்டும் இன்றைய அளவுக்கே வாங்குங்கள். யூனிக்லோவின் ஹீட்டெக் போன்ற மெல்லிய செயற்கை இழைத் துணி போதும். அதில் சாதாரண வகை, கூடுதல் சூட்டு வகை என்று தரம் உண்டு. லீட்ஸுக்குச் சாதாரண வகையே சரி, ஏனெனில் வகுப்பறையிலும் வீட்டிலும் ஹீட்டர் ஓடும். ஆளுக்கு மேலுக்கு மூன்று, காலுக்கு இரண்டு. ஒன்று உடம்பில், ஒன்று துவைப்பில், மேலுக்கு மட்டும் ஒன்று அவசரத்துக்கு. உருப்படி நாற்பது வெள்ளி வாக்கில் போட்டுக்கொண்டாலும் இரண்டு பிள்ளைகளுக்கும் 400 வெள்ளிக்குள் முடியும். தள்ளுபடி நாளில் போனால் இன்னும் குறையும். கர்னி, குவீன்ஸ்பே பேரங்காடிகளில் பிள்ளைகள் அளவு ஆண்டு இறுதியில்தான் வரிசையாக இருக்கும். புறப்படும் வாரத்தில் போனால் 120 இருக்கும் இடத்தில் 130 இருக்காது.

பருத்தி உள்பனியன் கூடாதா என்று பலர் கேட்பார்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு லேசில் காயாது என்பது உண்மை. ஓடி விளையாடிய பிள்ளை நின்ற பிறகு நடுங்குவது அதனால்தான். ஆனால் மலையேறுகிறவர்களுக்குச் சொல்லும் அந்த விதியை ஹீட்டர் ஓடும் வகுப்பறையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. கரப்பான், எக்சிமா உள்ள பிள்ளைக்குச் செயற்கை இழையும் கம்பளியும் அரிக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மெல்லிய பருத்தி பனியனை உள்ளே போட்டு, வியர்த்தால் மாற்றிவிடுவதே நல்லது. இதில் பொதுவிதி கிடையாது, பிள்ளையின் தோல் என்ன சொல்கிறதோ அதுதான் விதி. மெரினோ கம்பளி அருமையான துணிதான், மறுக்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் சிறுத்துப்போகும் உடுப்புக்கு அந்த விலை கொடுக்க வேண்டுமா என்பதே என் தயக்கம்.

நடு அடுக்கு ஃபிளீஸ். பண்டல் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஃபிளீஸில் உரியப் பூச்சும் இல்லை, கட்டிபிடிக்கப் பஞ்சும் இல்லை. பழசானால் மேலே உருண்டை உருண்டையாக நூல் திரளும், அவ்வளவே. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: முழங்கையில் மட்டும் வெளிச்சம் ஊடுருவினால் அங்கே தேய்ந்திருக்கிறது. சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை என்று லேபிளில் இருந்தால் லீட்ஸுக்கு அளவானது. 100 என்றால் மெல்லியது, 300 என்றால் மேலங்கிக்குள் புகாது. முழுதாகத் திறக்கும் ஜிப் உள்ளதையே எடுங்கள். தலைவழியாகக் கழற்றும் ரகத்தை நான்கு வயதுப் பிள்ளை வகுப்பில் தானாகக் கழற்றாது, வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். ஆளுக்கு இரண்டு போதும். காலையிலேயே லோரோங் குலிட் சந்தைக்குப் போனால் மேலே சொன்ன யூனிக்லோ செலவில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது.

அடுத்து ஜாக்கெட். பண்டலில் கவனம் தேவைப்படுவது இங்கேதான். இந்தச் சரக்கில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிறது. நல்ல தையல், நல்ல ஜிப். ஆனால் நம் நாட்டு ஈரப்பதத்தில் மூட்டையாகக் கிடந்திருக்கும். மழை தடுக்கும் ஜாக்கெட்டுகள் பலவற்றின் உட்புறம் பாலியூரித்தேன் என்னும் பூச்சு இருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு போட்டாலும் போடாவிட்டாலும் தானாகவே சிதைந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் புத்தம் புதிது போல் இருக்கும். ஆகவே முதல் வேலை, ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்புவது. உள்துணி தைத்து மூடியிருந்தால் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால், அல்லது கட்டைவிரலால் தேய்க்கும்போது வெள்ளைச் செதில் பொடுகாய் உதிர்ந்தால், வைத்துவிடுங்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை. தையல்களின் மேல் ஒட்டியிருக்கும் நாடா நுனியில் எழும்பியிருந்தாலும் அதே முடிவுதான்.

பிறகு மூக்கு. பூசண வாடை வெளித்துணியில் மட்டும் இருந்தால் துவைத்துப் போக்கலாம். பஞ்சுக்குள் இறங்கியிருந்தால் போகாது. கழுத்துப் பட்டையையும் கையிடுக்கையும் முகர்ந்து பாருங்கள். ஜிப்பை மேலும் கீழும் பத்துமுறை இழுங்கள். இழுவைக்குப் பின்னால் பற்கள் பிளந்தால் இழுவை தேய்ந்துவிட்டது என்று பொருள். குறட்டால் நசுக்கினால் சில வாரம் ஓடும், அதற்கு மேல் தையற்காரரிடம்தான் போக வேண்டும். இழுவையின் கொக்கி மட்டும் உடைந்திருந்தால் குறையே இல்லை, சாவி வளையத்தை மாட்டிவிடலாம். விலை பேசவும் உதவும். மணிக்கட்டு எலாஸ்டிக்கை இழுங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் ரப்பர் செத்துவிட்டது. வெல்க்ரோவில் பஞ்சு அடைத்திருப்பது பெரிய விஷயமில்லை, பழைய பல்துலக்கி கொண்டு நீக்கிவிடலாம். கடைசியாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். தோளில் வெறுமையாகவும் அடியில் கட்டிகட்டியாகவும் பஞ்சு இறங்கியிருந்தால் வேண்டாம். பிள்ளைக்கு முதலில் மழையும் குளிரும் படுவது தோளில்தான்.

டௌனா, செயற்கைப் பஞ்சா என்று கேட்டால், இந்த இரு பிள்ளைகளுக்கும் செயற்கைப் பஞ்சுதான். உலர்ந்திருக்கும்வரை டௌனுக்கு ஈடில்லை. எடை குறைவு, மடக்கினால் சுருங்கும். நனைந்ததும் இறகு ஒட்டிக்கொண்டு உப்பல் போய்விடும், உலர நாளாகும். பள்ளிப் பிள்ளையின் ஜாக்கெட் வாரம் ஒருமுறை சேற்றைப் பார்க்கும். செயற்கைப் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும், இயந்திரத்தில் துவைக்கலாம், மறுநாளே காயும். இன்னொன்று: கையளவு பைக்குள் மடங்கும் மெல்லிய டௌன் ஜாக்கெட்டுகளின் வெளித்துணி மிக மெல்லியது. விளையாட்டு மைதானத்தின் கம்பிவேலியில் ஒருமுறை மாட்டினால் இறகு பறக்கும். பெரியவர்களுக்கு நல்ல பொருள், ஏழு வயதுப் பையனுக்கு இல்லை. ஏற்கெனவே வாங்கியிருந்தால் மழை அங்கிக்கு உள்ளே நடு அடுக்காகப் போடச் சொல்லுங்கள். கிழிந்தால் ஊசியால் தைக்காதீர்கள், ஊசித் துளை வழியாகவும் இறகு கசியும். நைலான் ஒட்டுநாடாவை மூலைகள் வட்டமாக வருமாறு வெட்டி ஒட்டுங்கள்.

தண்ணீர் தடுக்கும் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும் என்பதன் அளவு அது. 1,500 என்றால் லேசான தூறல். 5,000 இருந்தால் அன்றாட மழைக்குப் போதும். 10,000 இருந்தால் ஈரப்பனியில் உட்கார்ந்து விளையாடலாம். எண் எதுவானாலும் தையல்களின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாடா இல்லையென்றால் 10,000 மில்லிமீட்டர் துணியும் ஊசித் துளைகளில் ஒழுகும். பழைய ஜாக்கெட்டில் இருக்கும் எண் அது புதிதாக இருந்தபோது உள்ள எண், அதை நம்ப வேண்டாம். வீட்டில் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு குவளையின் வாயில் துணியைப் பள்ளமாக அழுத்தி வைத்து, இரண்டு கரண்டி தண்ணீர் ஊற்றி, பதினைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் உலர்ந்திருந்தால் பூச்சு உயிரோடிருக்கிறது. மேலே தண்ணீர் முத்துமுத்தாக உருளுவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அது வெளித்துணியின் மேலோட்டமான விலக்கும் தன்மைதான், துவைக்கத் துவைக்கக் குறையும், வெப்பத்தில் உலர்த்தினால் கொஞ்சம் திரும்பி வரும்.

பண்டலில் வாங்கிய எதையும் துவைக்காமல் பிள்ளைக்குப் போடாதீர்கள். நம் தெருக்களில் இருக்கும் தானியங்கி டோபி கடைகள் இதற்கு வசதி. முன்பக்கம் திறக்கும் இயந்திரத்தில், 30 டிகிரியில், வழக்கமான அளவில் பாதி திரவச் சோப்பு போட்டு, அலசலை இருமுறை ஓடவிடுங்கள். உலர்த்தியில் குறைந்த வெப்பம். பஞ்சோ டௌனோ இருந்தால் சுத்தமான டென்னிஸ் பந்து இரண்டு, மூன்றைக் கூடவே போட்டால் கட்டிகளை அவை தட்டி உடைக்கும். டௌன் என்றால் தொட்டுப் பார்க்க உலர்ந்ததுபோல் இருந்தாலும் இன்னும் ஒரு சுற்று ஓடவிடுங்கள். பினாங்கு வெயிலை நம்பிக் கொடியில் போட்டால் உள்ளே காயுமுன் வாடை வந்துவிடும். ஃபிளீஸ்களைத் துவைத்த பிறகு உலர்த்தியின் அதிக வெப்பத்தில் அரைமணி நேரம் போட்டால் தூசிப்பூச்சியும் மூட்டைப்பூச்சியும் மிஞ்சாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு இது முக்கியம். வாசனைத் திரவம், அதாவது துணி மென்மையாக்கும் சாஃப்டனர், கூடவே கூடாது. அது இழைகள்மேல் படிந்து, உள்ளடுக்கின் வியர்வை உறிஞ்சும் தன்மையையும் மேலங்கியின் தண்ணீர் விலக்கும் தன்மையையும் கெடுத்துவிடும். நம் வீடுகளில் அது இல்லாமல் துவைப்பதே பாவம் என்பது போல் பழகிவிட்டது. இந்த உடுப்புகளுக்கு மட்டும் அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

அளவு விஷயத்தில் ஜப்பானியச் சரக்கு நமக்கு ஒரு நன்மை செய்கிறது. அதில் எழுதியிருக்கும் 110, 120, 130 எல்லாம் பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். ஐரோப்பிய அளவுகளும் உயரம்தான், ஆனால் 116, 122, 128 என்று ஆறாறாக ஏறும். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்திலிருந்து ஏழு சென்டிமீட்டர் வளர்வார்கள். ஆகவே ஐரோப்பிய அளவில் ஒரு படி என்பது ஏறத்தாழ ஓராண்டு, ஜப்பானிய அளவில் ஒரு படி என்பது கிட்டத்தட்ட இரண்டாண்டு. 122 சென்டிமீட்டர் பையனுக்கு ஜப்பானிய 130 எடுத்தால் இந்தக் குளிருக்கும் அடுத்த குளிருக்கும் ஆகும். அதற்கு மேல் 140 எடுத்தால் கைகள் உள்ளே போய்விடும், தலைமூடி கண்ணை மறைக்கும், சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. ஜப்பானியப் பிள்ளைகளின் பனிச்சறுக்கு உடுப்புகள் பலவற்றில் கைநுனியிலும் கால்நுனியிலும் உள்ளே ஒரு மடிப்பைத் தைத்து வைத்திருப்பார்கள். அந்தத் தையலைப் பிரித்தால் சில சென்டிமீட்டர் நீளும். கொலம்பியா நிறுவனத்தின் பிள்ளைகள் ஜாக்கெட் சிலவற்றிலும் வேறு நிறநூலில் இதே ஏற்பாடு உண்டு. பண்டல் குவியலில் இதைத் தேடி எடுங்கள். பிள்ளை போட்டுப் பார்க்கும்போது உள்ளே ஃபிளீஸும் இருக்கட்டும். இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். இடுப்பு தெரியக் கூடாது, மணிக்கட்டும் தெரியக் கூடாது.

வாங்கிய உடனே கத்தரியை எடுக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. தலைமூடியிலும் கழுத்திலும் இழுத்துக் கட்டும் கயிறு இருந்தால் உருவிவிடுங்கள். சறுக்கு மரத்திலும் பேருந்துக் கதவிலும் மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்பதால் பிரிட்டனில் சிறு பிள்ளைகளின் மேலாடைத் தலைமூடியில் கயிறு வைத்து விற்பதை 1976இலேயே விதி போட்டுத் தடுத்துவிட்டார்கள். பழைய சரக்கில் அந்த விதியெல்லாம் பார்க்க முடியாது. இதே காரணத்துக்காகத் தொங்கும் கழுத்துத்துணிக்குப் பதில் குழாய் போலத் தைத்த கழுத்துறை வாங்குங்கள்.

சப்பாத்தைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: பண்டலில் பூட்ஸ் வேண்டவே வேண்டாம். ஜாக்கெட் பூச்சைக் கெடுக்கும் அதே சிதைவுதான் பூட்ஸின் அடிப்பாகத்தையும் கெடுக்கிறது. மெத்தென்றிருக்கும் அந்த நடு அடிப்பாகம் பல பூட்ஸில் பாலியூரித்தேன் நுரை. சில ஆண்டு நம் வெக்கையில் கிடந்தால் கடையில் ஒழுங்காக நிற்கும், நாலு நாள் நடந்ததும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அதோடு இன்னொரு பிள்ளையின் பாதத்துக்குப் பழகிய உட்தளம் வேறு. இப்போது பள்ளிக்குப் போடும் மூடிய சப்பாத்து விமானப் பயணத்துக்குப் போதும். அங்கே போய்த் தண்ணீர் புகாத பூட்ஸ் ஆளுக்கொன்று, பள்ளிக்குக் கறுப்புச் சப்பாத்து ஒன்று. மாலை நேரத்தில், போடப்போகும் காலுறையோடு, குதிகால் சுவரில் படும்படி காகிதத்தின்மேல் நிற்க வைத்து இரண்டு பாதங்களையும் அளந்து, பெரியதற்கு ஒன்றே கால் சென்டிமீட்டர் கூட்டி வாங்குங்கள். இறுகிய பூட்ஸுக்குள் இரண்டு காலுறை திணித்தால் கால் இன்னும் சில்லிடும். ரத்த ஓட்டமும் தடைப்படும், காற்றுக்கும் இடமிருக்காது.

அங்கே வாங்குவது கொள்ளைச் செலவு என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பிள்ளைகள் உடுப்பில் அது பாதி உண்மைதான். பிரிட்டனில் சிறு பிள்ளைகளின் துணிக்கும் சப்பாத்துக்கும் விற்பனை வரி கிடையாது; பெரியவர்கள் துணிக்கு 20 விழுக்காடு. பிரைமார்க்கிலும் ஆஸ்டா, செயின்ஸ்பரிஸ் போன்ற பேரங்காடிகளிலும் பிள்ளைகளுக்கான மழைக் கோட்டு பதினைந்து, இருபது பவுண்டு வாக்கில் இருக்கும். நீங்கள் போய் இறங்கும் ஜனவரி, குளிர்கால உடுப்புகளைத் தள்ளுபடியில் தள்ளிவிடும் மாதமும்கூட. பெப்ரவரி வந்தால் விலை இன்னும் இறங்கும், ஆனால் அளவு கிடைக்காது. நன்கொடையாக வந்த பொருள்களை விற்கும் ஆக்ஸ்பாம், பர்னார்டோஸ் போன்ற அறக்கடைகளில் பழைய உடுப்பு இன்னும் மலிவு, நம் பண்டல் சரக்கைப்போல் வெக்கையில் புழுங்கியதும் அல்ல. வசதியான குடியிருப்புப் பக்கம் உள்ள அறக்கடையில் நல்ல சரக்கு நிற்கும். மகளுக்கு ஃபிளீஸ் உள்துணியோடு வரும் ஒரே துண்டு மழையுடுப்பு ஒன்று வாங்குங்கள். சேற்றுக் குட்டையில் குதித்துவிட்டு வந்தாலும் உள்ளே உலர்ந்திருப்பாள். அது சனி, ஞாயிறுக்குத்தான். பள்ளிக்கு அதைப் போட்டு அனுப்பினால் கழிப்பறைக்குப் போகும் நேரத்தில் அவசரத்துக்குக் கழற்ற முடியாது.

பள்ளிக் கோட்டை மட்டும் சேர்க்கை உறுதியான பிறகு வாங்குங்கள். சில பள்ளிகள் கறுப்பு, கருநீலம் என்று நிறம் கேட்கும், சில எதையும் ஏற்கும். பள்ளிக்குப் பள்ளி மாறும். கருநீலம் எடுத்தால் அண்ணனுடையதைத் தங்கை போடும்போதும் மனக்குறை வராது. ஆனால் ஜனவரியில் அங்கே எட்டே காலுக்குத்தான் விடியும், மாலை நான்கு மணி தாண்டினால் இருட்டிவிடும். கறுப்புக் கோட்டுப் பிள்ளை வண்டியோட்டிக்குத் தெரியாது. கையிலும் முதுகுப்பையிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒட்டிவிடுங்கள். குளிர்காலத்திலும் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியேதான் விடுவார்கள். அதனால் ஜிப்பைத் தானே போடப் பழக்குங்கள், கையுறையைப் போட்டுக்கொண்டே. மகளுக்கு விரல் பிரியாத கையுறை போதும். நான்கு வயதில் ஐந்து விரல்களை ஐந்து ஓட்டைகளில் நுழைப்பதற்குள் இடைவேளை முடிந்துவிடும், சேர்ந்திருக்கும் விரல்களுக்குச் சூடும் அதிகம். கையுறை மூன்று சோடி வாங்கிப் பெயர் எழுதிவிடுங்கள். ஒரு சோடி எப்படியும் தொலையும்.

கணக்கைப் பார்ப்போம். உள்ளடுக்கு 400 வெள்ளி, ஃபிளீஸ் நான்கு 40லிருந்து 60, பண்டல் ஜாக்கெட் இரண்டு 80, தொப்பி, கழுத்துறை, காலுறை, முதல் சோடி கையுறை 80, டோபி 20. 650 வெள்ளிக்குள் அடங்கும். மிச்சம் 550ஐ, ஒரு பவுண்டு ஐந்தரை வெள்ளி என்று கொண்டால், நூறு பவுண்டு. அதில் கோட்டு இரண்டு, பூட்ஸ் இரண்டு, மகளின் மழையுடுப்பு ஆகியவற்றை நெருக்கிப் பிடித்து வாங்கலாம். பள்ளிச் சப்பாத்துக்கும் சீருடைக்கும் தனியாக ஒதுக்குங்கள். பணம் மிகவும் இறுக்கமென்றால் கோட்டையும் மழையுடுப்பையும் அறக்கடையில் பாருங்கள், பூட்ஸைப் புதிதாகவே வாங்குங்கள்.

ஜாக்கெட்டுகளைச் சரக்குப் பெட்டியில் போட வேண்டாம், கைப்பையில் வையுங்கள். பெட்டி ஒருநாள் தாமதமானாலும் பிள்ளைகளுக்குக் குளிராது. காற்றை உறிஞ்சிச் சுருக்கும் பிளாஸ்டிக் பை பயணத்துக்கு மட்டும் நல்லது, மாதக்கணக்கில் அப்படியே வைத்தால் பஞ்சு எழும்பாது. விமான நிலையத்திலிருந்து காரில் போவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே 12 வயது, 135 சென்டிமீட்டர் உயரம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குத் தனி இருக்கை என்பது சட்டம். உப்பிய ஜாக்கெட்டோடு இருக்கை வாரை மாட்டினால் இறுக்கமாகத்தான் தெரியும். மோதும்போது பஞ்சு அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, ஃபிளீஸோடு வாரை மாட்டி, ஜாக்கெட்டை மேலே போர்த்திவிடுங்கள்.

மகனுடையது மகளுக்கு ஆகுமா என்றால், மேலங்கியும் ஃபிளீஸும் ஆகும், உள்ளடுக்கும் பூட்ஸும் பெரும்பாலும் ஆகாது. இருவருக்கும் இடையே மூன்று வயது என்பதால் இரண்டாண்டுக்குமேல் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். லீட்ஸ் வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் சுவரோரம் ஈரம் படிந்து பூசணம் பிடிப்பது சாதாரணம். ஆகவே வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். துவைத்து, முழுதாக உலர்த்தி, ஜிப்பைப் போட்டு, அமுக்காமல் துணிப்பையில் கட்டிலுக்கடியில் வையுங்கள், வாடை வருகிறதா என்று கோடையில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படிப்பு முடிந்து திரும்பும்போது பூச்சுப் போட்ட மேலங்கிகளை மட்டும் பினாங்குக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கேயே விற்றுவிடுங்கள், இல்லையென்றால் அறக்கடையில் கொடுத்துவிடுங்கள். இங்கே அலமாரியில் இரண்டு மழைக்காலம் இருந்தால் அவையும் செதில் உதிரத் தொடங்கும்.